பச்சையப்பரின் உயில்

சென்னை உயர்நீதிமன்றத்துக்கு அருகே நெடுந்தூண்களோடு நிற்கும் பச்சையப்பன் மண்டபத்தை, அவ்வழியே போகும்போதெல்லாம் ஒரு கணம் நின்று பார்ப்பது என் வழக்கம். கிரேக்கக் கோயிலின் சாயலில் எழுப்பி 1850-இல் திறக்கப்பெற்ற கட்டடம் அது. அதன் அழகைக் காட்டிலும், அது எழுவதற்கு ஏன் அத்தனை காலம் ஆயிற்று என்னும் கேள்வியே என்னை நிறுத்துவது.

பச்சையப்ப முதலியார் 1754-இல் வறுமையிற் பிறந்தவர். துபாஷித் தொழிலால், அதாவது கம்பெனி வெள்ளையருக்கும் நம் நாட்டாருக்கும் இடையே நின்று காரியம் நடத்தும் தொழிலால், பெருஞ்செல்வரானார். 1794 மார்ச்சு மாதத்தில் நோய்வாய்ப்பட்டவர், தம் செல்வத்தை இறைபணிக்கும் தருமத்துக்கும் உரியதாக்கி உயில் எழுதிவைத்தார். அம்மாத இறுதியிலேயே திருவையாற்றில் காலமானார். வயது நாற்பது.

உயில் என்பது எழுதியவர் வாய் அடைத்த பிறகே பேசத் தொடங்கும் ஏடு. ஐயம் எழுந்தால் விளக்கம் கூற அவர் இல்லை. பச்சையப்பர் சொத்தோ பலரிடம் கடனாகச் சிதறிக் கிடந்தது. உரிமை கொண்டாடியவரும் பலர். வழக்கின்மேல் வழக்கு நடந்தது. 1832-இல்தான் சென்னைச் சுப்ரீம் கோர்ட்டு தருமத்துக்கு ஒரு வழி வகுத்தது. அட்வொகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் பெருமுயற்சி எடுத்தார். வட்டியாற் பெருகிய மிகுதிப் பணத்தைக்கொண்டு 1842-இல் பள்ளி தொடங்கிற்று. உயில் பிறந்து நாற்பத்தெட்டு ஆண்டுகள்!

‘தாமதத்தால்தானே வட்டி வளர்ந்தது, கல்லூரியும் வந்தது?’ என்று என் நண்பர் ஒருவர் வாதாடுவார். நான் ஒப்புவதில்லை. அத்தனை ஆண்டுகள் நடவாது போன தருமத்துக்கு எந்த வட்டி ஈடாகும்? அதற்காகப் பச்சையப்பரைக் குறை கூறவும் எனக்கு மனம் வராது. மரணம் அவருக்கு அவகாசம் தரவில்லை.

அவகாசம் உடையவர்க்கு வேறொரு வழி உண்டு. உயிரோடிருக்கும்போதே சொத்தைப் பொறுப்பாளர் கையில் ஒப்படைத்து, இன்னாருக்கு இன்னது என்று பத்திரம் எழுதிவிடுவது. இதையே டிரஸ்டு என்கிறோம். தனியார் குடும்பங்கள் இப்படிச் செய்வதற்கு 1882-ஆம் ஆண்டுச் சட்டம் விதி வகுத்தது. பொது அறங்களுக்கு விதிகள் வேறு. எழுதியவர் தாமே பொறுப்பாளராகவும் இருக்கலாம். ஆயுள்வரை வருமானத்தைத் தாமே அனுபவிக்குமாறும் எழுதலாம். பொறுப்பாளரை மாற்றும் அதிகாரத்தைப் பத்திரத்தில் வைத்துக்கொண்டால், தவறு செய்பவரைத் தம் கண்ணெதிரிலேயே விலக்கலாம். அவர் மறைந்த பின்னும், ஒப்படைத்த சொத்து உயிலைப்போல் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்படுவதற்காகக் காத்திராது. ஆனால் ஒன்று: நிலமும் வீடுமானால் பத்திரத்தைப் பதிவு செய்தாக வேண்டும். ஒப்படைக்காமல் விட்ட சொத்துக்கு அந்தப் பத்திரம் காவலாகாது. கைவிட்டுக் கொடுக்க மனம் வருவதுதான் கடினம்.

அம்மனம் அழகப்பச் செட்டியாருக்கு இருந்தது. அவர் அளித்தது டிரஸ்டன்று, நேர்கொடை. ஆயினும் வாழும்போதே கொடுத்தார். காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காக முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் ஈந்தார். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அழகப்பர் 1957-இல் மறைந்தார், தாம் கொடுத்த நிலத்தில் விஞ்ஞானிகள் வேலை செய்வதை நான்கு ஆண்டுகள் கண்ட பிறகு.