போலீஸ் ஸ்டேஷன் வயரிங்: சாவி யார் கையில்?

போலீஸ் ஸ்டேஷன் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது லத்தி, லாக்கப், ரைட்டர், அப்புறம் சினிமாவில் மேஜையைத் தட்டிப் பேசும் இன்ஸ்பெக்டர். அந்தக் கட்டடத்துக்குள் ஓடும் வயர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் அந்த வயர்களுக்கும் நூற்றுச் சொச்சம் வருஷ வரலாறு இருக்குங்க. கொஞ்சம் தோண்டினால் எல்லாக் காலத்திலும் ஒரே கேள்விதான் வந்து நிற்கிறது. வயர் இழுத்தாச்சு, சரி. சாவி யார் கையில்?

1880, சிகாகோ. அதுவரை ரோந்துக்குக் கிளம்பின போலீஸ்காரர் ஸ்டேஷனைப் பொறுத்தவரை காணாமல் போனவர் மாதிரிதான். அவர் எங்கே நிற்கிறார், வேலை பார்க்கிறாரா, எங்காவது திண்ணையில் தூங்குகிறாரா, யாருக்கும் தெரியாது. ஒரு ஆளைப் பிடித்தால் இழுத்துக்கொண்டு நடந்தே வரணும். தீயணைப்புக்காரர்களிடம் ஏற்கெனவே தெருமுனை தந்தி அலாரம் இருந்தது. அதே டெக்னிக்கைப் போலீசுக்கும் கொண்டுவந்தார்கள். தெருமுனையில் ஒரு பெட்டி, உள்ளே ஒரு டயலும் நெம்புகோலும், கூடவே ஒரு டெலிபோன். (பெல் டெலிபோனுக்குக் காப்புரிமை வாங்கி அப்போது நாலு வருஷம்தான் ஆகியிருந்தது!) கலவரமா, திருட்டா, குடித்துவிட்டு ரகளையா என்று முள்ளைத் திருப்பி நெம்புகோலை இழுத்தால் ஸ்டேஷனில் தகவல் விழும். தயாராக நிற்கும் குதிரை வண்டி கிளம்பிவிடும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் சாவிதான். அக்கம்பக்கத்துப் பெரிய மனுஷர்களுக்கும் பெட்டிச் சாவி கொடுத்தார்கள். சாவிக்கு எண் உண்டு. உள்ளே போட்டுத் திருப்பினால் வெளியே வராது, போலீஸ் வந்துதான் விடுவிக்க முடியும். சும்மா விளையாட்டுக்கு இழுத்தால் யார் இழுத்தது என்று தெரிந்துவிடும். நம்ம பொட்டி தட்டும் பாஷையில் சொன்னால், 'ஆடிட் லாக்'! கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் வெறும் பூட்டை வைத்து முடித்துவிட்டார்கள். :-)

அந்தப் பெட்டிக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ரோந்துக்காரர் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை பெட்டியிலிருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லணும். அதாவது மக்களுக்காக வைத்த வயரே போலீஸ்காரரைக் கண்காணிக்கும் வயராகவும் ஆனது. பிரிட்டனில் 1891-ல் கிளாஸ்கோவுக்கு இந்தப் பெட்டி வந்தது. லண்டனில் மெக்கன்ஸி ட்ரெஞ்ச் வடிவமைத்த நீலப்பெட்டி 1929-லிருந்து தெருவில் நின்றது. உச்சியில் விளக்கு மினுக்கினால் பக்கத்தில் இருக்கும் கான்ஸ்டபிள் ஸ்டேஷனுக்குப் போன் செய்யணும். 1963-ல் 'டாக்டர் ஹூ' தொடரில் கால இயந்திரமாக வந்தது இதே பெட்டிதான்.

இதுவரை வயர் எல்லாம் தெருவில். ஸ்டேஷனுக்குள்ளே, மூடின கதவுக்குப் பின்னாடி நடப்பதைப் பதிவு செய்யும் வயர் வர இன்னும் ரொம்ப நாள் ஆச்சு. அது வந்ததுக்குக் காரணம் ஒரு கொலை வழக்கு.

1972-ல் லண்டனில் மேக்ஸ்வெல் கான்ஃபெயிட் என்பவர் கொல்லப்பட்டார். மூன்று பையன்களைப் பிடித்தார்கள். ஸ்டேஷனில் அவர்கள் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நம்பித் தண்டனையும் ஆச்சு. மூவரில் ஒருவர் 18 வயதானாலும் மனவளர்ச்சி குறைந்தவர். 1975-ல் அப்பீல் கோர்ட் தண்டனையை ரத்து செய்தது. அந்த அறையில் என்ன நடந்தது, வாக்குமூலம் எப்படி வந்தது என்று நாடே கேட்டது. விசாரணை, ராயல் கமிஷன் எல்லாம் முடிந்து 1984-ல் போலீஸ் மற்றும் குற்றச் சாட்சியச் சட்டம் வந்தது. விசாரணையை டேப்பில் பதிவு செய்வதற்கென்று 1988-ல் தனி விதித்தொகுப்பும் வந்தது.

அதுக்காகச் செய்த டேப் ரெக்கார்டரைக் கவனியுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு கேசட்டில் பதிவாகும். பேட்டி முடிந்ததும் ஒரு கேசட்டைப் பிடிபட்டவர் கண்முன்னாலேயே சீல் வைத்து, அவரிடமும் கையெழுத்து கேட்பார்கள். அதுதான் மூலப் பிரதி. போலீஸ் தன் வேலைக்கு வைத்துக்கொள்வது இன்னொன்றை. பதிவோடு நேரமும் சேர்ந்தே பதியும், நடுவில் வெட்டி ஒட்டினால் தெரிந்துவிடும். பதிவு செய்பவர் கையில் மட்டும் பதிவு இருக்கக் கூடாது என்பதை மெஷினிலேயே கட்டிவிட்டார்கள்.

நம்ம நாட்டுக்கு அந்த டேப் வரவில்லை. போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளி என்று நிரூபிக்கப் பயன்படுத்த முடியாது என்று 1872 சாட்சியச் சட்டமே சொல்லிவிட்டது. அதனால் நம்ம ஊர்க் கேள்வி, உள்ளே போனவர் முழுசாகத் திரும்பி வந்தாரா என்பது. அதுக்குத்தான் கேமரா.

2020 ஜூன் 19, சாத்தான்குளம். ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்தது என்ற விவகாரத்தில் ஜெயராஜ், அவர் மகன் பென்னிக்ஸ் இருவரும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். 22, 23 தேதிகளில் அடுத்தடுத்து இறந்தார்கள். ஹைகோர்ட் மதுரைக் கிளை சொல்லி விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட் கேமராப் பதிவைத் தேடினார். கேமரா இருந்தது. 1 டிபி ஹார்டு டிஸ்க் இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு தானாகவே அழிந்துவிடும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது. 19-ம் தேதிப் பதிவு இல்லை.

இதை அவருடைய அறிக்கை பற்றிய செய்திகளில் படித்தபோது ரொம்ப நேரம் வேறெதுவும் ஓடவில்லை. உடைக்கவோ எரிக்கவோ வேண்டியதில்லை. மெனுவில் ஒரு ஆப்ஷன், அவ்ளோதான்.

அதே வருஷம் டிசம்பர் 2-ல் பரம்வீர் சிங் சைனி வழக்கில் சுப்ரீம் கோர்ட் ஒரு உத்தரவு போட்டது. கிட்டத்தட்ட எலெக்ட்ரிகல் டிசைன் குறிப்பு மாதிரியே இருக்கும். மெயின் கேட், எல்லா லாக்கப், வராந்தா, இன்ஸ்பெக்டர் அறை, எஸ்.ஐ. அறை, கட்டடத்தின் பின்பக்கம், கழிவறைக்கு வெளியே என எல்லா இடத்திலும் கேமரா. இருட்டிலும் தெரியணும், சத்தமும் பதியணும். 18 மாதம் சேமிக்கணும், வசதி இல்லாவிட்டாலும் ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாது. கரண்ட் இல்லாத ஊரில் சோலாரோ காற்றாலையோ வைத்தாவது கொடுக்கணும்.

இது நடக்கிற காரியமா என்று நானே கணக்குப் போட்டேன். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அனுப்பினால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. 18 மாதத்துக்குக் கிட்டத்தட்ட 12 டிபி. 15 கேமரா என்றால் சுமார் 180 டிபி. வெறும் 1 டிபி டிஸ்க் போட்டால் 15 கேமராவுக்கு மூணே நாள்தான் தாங்கும். ஆக, பெரிய டிஸ்க்காக ஒரு டஜன், பழுதானால் சமாளிக்க இன்னும் ரெண்டு.

கரண்ட்? கேமராவுக்கு 10 வாட்ஸ் வீதம் 150. டிஸ்க்குகள், ரெக்கார்டர், ஸ்விட்ச் எல்லாம் சேர்த்து இன்னொரு 250. மொத்தம் 400 வாட்ஸ். நாலு மணி நேர கரண்ட் கட்டுக்கு 1.6 யூனிட். நம்ம வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி, 150 ஏஎச், ரெண்டு போதும். சூடு? ஒரு டன் ஏசியில் எட்டில் ஒரு பங்கு வேலைகூட இல்லை. டிஸ்க் செலவு மட்டும் கொஞ்சம் கையைக் கடிக்கும். அதனால் "கரண்ட் போச்சு, பதிவு இல்லை" என்று யாராவது சொன்னால், ரெண்டு பேட்டரி வாங்கவில்லை என்றுதான் அர்த்தம்.

ஆனால் கேமரா ஓடுவதற்கும் பராமரிப்புக்கும் பொறுப்பு யார்? உத்தரவுப்படி அந்த ஸ்டேஷன் அதிகாரியேதான். மாவட்ட அளவில் மேற்பார்வைக் குழு உண்டு, நியாயமான ஏற்பாடுதான். இருந்தாலும் யாரைக் கேமரா பார்க்கிறதோ அவர் கட்டடத்துக்குள்ளேயே டிஸ்க் பெட்டியும் இருக்கிறது. ராஜஸ்தானில் ஏழெட்டு மாதங்களில் 11 பேர் போலீஸ் காவலில் இறந்ததாக வந்த பத்திரிகைச் செய்தியைப் பார்த்து, 2025 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் தானாகவே இந்தக் கேமரா விஷயத்தை மறுபடி கையில் எடுத்தது. முதல் உத்தரவு வந்து அஞ்சு வருஷம் ஆகப் போகும்போதும் இதே பேச்சு.

சிகாகோக்காரர்கள் சாவியைப் பூட்டுக்குள்ளேயே மாட்டிவைத்தார்கள். லண்டன்காரர்கள் இரண்டாவது கேசட்டுக்கு சீல் வைத்தார்கள். நமக்கு வேண்டியதும் அதுதான்: ஸ்டேஷனுக்கு வெளியே, அவர்கள் கை படாத இடத்தில் ஒரு பிரதி. லாக்கப், வராந்தா கேமராவுக்கு மட்டுமாவது முதலில் செய்யலாம். பதிவு நின்றால் அந்த நிமிஷமே மேற்பார்வைக் குழுவுக்குத் தகவல் போகணும். இன்றைக்கு எந்தச் சின்ன கம்பெனி சர்வருக்கும் இதைச் செய்கிறோம்.

நெட்வொர்க், ஸ்டோரேஜ் வேலை பார்க்கும் மக்கள் இங்கே நிறைய பேர் இருக்கீங்க. என் கணக்கைச் சரிபாருங்க. இதைவிட மலிவாகச் செய்ய வழி இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்க.