விரல் நுனியில் மாட்டும் கருவியின் கதை



2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது நம் முத்தியால்பேட்டை வீடுகளில் "ஆக்சிஜன் எவ்வளவு காட்டுது?" என்பதுதான் முதல் கேள்வி. அந்த எண்ணைக் காட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டருக்கு ஒரு வரலாறு உண்டு.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், உயரே பறக்கும் விமானிகளுக்காக, காது மடலில் மாட்டும் கருவியை அமெரிக்காவின் கிளென் மில்லிகன் உருவாக்கினார். 'ஆக்சிமீட்டர்' என்று பெயர் வைத்தவரும் அவரே. ஆனால் தோலும் சதையும்கூட ஒளியைத் தடுப்பதால், ரத்தத்தின் கணக்கைத் தனியே பிரிப்பது கடினமாக இருந்தது.

1970களின் தொடக்கத்தில் ஜப்பானின் நிஹோன் கோடன் நிறுவனப் பொறியாளர் தகுவோ அவோயாகி, இதயம் இறைக்கும் ரத்தத்தின் அளவைக் காதில் ஒளி பாய்ச்சி அளக்க முயன்றார். நாடித்துடிப்பு குறுக்கே வந்து அளவைக் கெடுத்தது. அந்தத் தொல்லையிலேயே அவருக்கு விடை கிடைத்தது. துடிப்போடு சேர்ந்து கூடிக் குறைவது தமனி ரத்தம். தோலும் சதையும் அப்படி மாறுவதில்லை. ஆக, மாறும் பகுதியை மட்டும் சிவப்பு, அகச்சிவப்பு என்ற இரண்டு ஒளிகளால் ஒப்பிட்டால் போதும். 1974இல் இதை வெளியிட்டார். உலகமே இந்தக் கருவியைத் தேடிய 2020 ஏப்ரலில், 84 வயதில் காலமானார்.

இதற்கு ஒரு குறையும் உண்டு. 2020 டிசம்பரில் அமெரிக்க மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆக்சிஜன் பெற்றுவந்த நோயாளிகளுக்குக் கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில், தமனி ரத்தத்தை எடுத்துச் சோதித்தபோது, கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீத அளவீடுகளில் உண்மை அளவு 88க்கும் கீழே இருந்தது. வெள்ளையரிடம் இது 3.6 சதவீதம்தான். நம்மைப் போன்ற கருத்த தோல்காரர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

இன்னொன்று. 94க்குக் கீழே போனால் மருத்துவரைப் பாருங்கள் என்று நம் சுகாதாரத் துறை சொன்னது, ஆக்சிஜன் வைக்காமல் சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது பார்க்கும் எண்ணை. மூக்குக் குழாயோ மாஸ்க்கோ வைத்தபின் 96 காட்டினால், அது நுரையீரல் வாங்கிய மதிப்பெண் மட்டுமல்ல. சிலிண்டர் போட்ட கருணை மதிப்பெண்ணும் அதில் சேர்ந்திருக்கிறது! ரத்தத்தில் கரியமில வாயு சேர்வதையும் இந்தக் கருவி காட்டாது.

ஆகவே வீட்டில் பெரியவர்களுக்கு ஆக்சிஜன் வைத்திருந்தால், எண்ணோடு எத்தனை லிட்டர் போகிறது, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதையும் நோட்டில் எழுதுங்கள். மூச்சு வாங்கினாலோ, தூக்கக் கலக்கமாகவே இருந்தாலோ, எண் நன்றாக இருக்கிறதே என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

மருத்துவம், செவிலியர் பணியில் இருக்கும் என் மாணவர்கள், விட்டுப்போனது இருந்தால் கீழே எழுதுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.