மன்னரின் புட்டிங்கும் கயானாவின் மேசையும்

1927ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸையொட்டிப் பிரிட்டனில் ஒரு சமையற்குறிப்பு அரசியல் ஆவணமாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட பேரரசுச் சந்தை வாரியம், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலைமைச் சமையற்காரரிடமிருந்து கிறிஸ்துமஸ் புட்டிங்கின் செய்முறையைப் பெற்றுப் பரப்பியது. சேர்பொருள் ஒவ்வொன்றும் பேரரசின் நிலங்களிலிருந்தே வரவேண்டும் என்பது அதன் நோக்கம். உலர்திராட்சை ஆஸ்திரேலியாவுடையது; முட்டை ஐரிஷ் சுதந்திர நாட்டுடையது; இலவங்கப்பட்டைக்கு இலங்கை, கிராம்புக்குச் சான்சிபார். நம் இந்தியாவின் பங்கு, சிறிதளவு மசாலாப் பொடி. (1647இல் இதே நாட்டின் நாடாளுமன்றந்தான் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தையே தடை செய்திருந்தது.)

அப்பட்டியலில் என் கண் நிலைத்த சொல் 'டெமராரா சர்க்கரை'. டெமராரா என்பது அன்றைய பிரிட்டிஷ் கயானாவின் ஆறு. அதன் கரைகளில் விரிந்தவை கரும்புத் தோட்டங்கள். பட்டியல் பொருளுக்கு ஊர் சொல்கிறது, விளைவித்தவரைச் சொல்லவில்லை. ஆப்பிரிக்கர்களின் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டபின், 1838 மே மாதம் கல்கத்தாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகள் அங்கே கரையிறங்கினர். பின்னர் சென்னையிலிருந்தும் கப்பல்கள் சென்றன. ஆள் ஏற்றுமதி நின்றது 1917இல். மன்னரின் புட்டிங்குக்குப் பத்தே ஆண்டுகள் முன்பு.

பட்டியல் விட்டதைக் கயானாவின் கிறிஸ்துமஸ் மேசை வைத்திருக்கிறது. அந்நாளின் காலை உணவு பெப்பர்பாட். கசப்பு மரவள்ளியின் நச்சுச் சாற்றைக் காய்ச்சிச் சுண்டவைத்த கருங்குழம்பான காசரீப்பில் இறைச்சியை நெடுநேரம் வேகவைப்பார்கள். நாள்தோறும் சுடவைத்தால் பல நாள் கெடாது. இது அம்மண்ணின் பழங்குடிகள் தந்தது. உடன் வரும் பூண்டுப் பன்றிக்கறி, 1835 முதல் தோட்ட வேலைக்கு வந்த மதேரா தீவுப் போர்ச்சுக்கீசியர் கொணர்ந்தது. காடியிலும் பூண்டிலும் ஊறும் அக்கறி, நம் கோவாவின் விண்டாலுவுக்கு உடன்பிறப்பு! ஒரே போர்ச்சுக்கீசிய மூலம் கிழக்கே மிளகாயோடும் மசாலாவோடும் கலந்து ஒரு வடிவம் எடுத்தது, மேற்கே வேறொரு வடிவம்.

ஆங்கிலேயரின் புட்டிங்கும் அங்கே இல்லாமலில்லை. ஆனால் அடையாளம் மாறிவிட்டது. உலர்பழங்களை மாதக்கணக்கில் ரம்மில் ஊறவிட்டு அரைத்து, சர்க்கரையைக் கருக்கி நிறமேற்றி அடுப்பில் சுட்டெடுப்பதே கறுப்புக் கேக். மாட்டுக்கொழுப்பு போய் வெண்ணெய் வந்தது. ஆவியில் வேகவைத்தல் போய்ச் சுடுதல் வந்தது. சர்க்கரையும் ரம்மும் மட்டும் கப்பலேற வேண்டியிருக்கவில்லை. ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்த இந்து, இஸ்லாமிய இல்லங்கள் பலவற்றிலும் டிசம்பரில் இக்கேக் வேகிறது.