ஒப்புதலின் நாற்காலி: நேட்டோ பொதுச்செயலாளர்கள் பற்றிச் சில குறிப்புகள்

1

பொதுச்செயலாளர் என்கிற சொல் இடதுசாரி இயக்கத்தில் இருந்தவர்களுக்கு லேசான சொல் அல்ல. அவர் பேசினால் கட்சி பேசியதாக அர்த்தம். அதனால்தானோ என்னவோ, நேட்டோவுக்கும் ஒரு பொதுச்செயலாளர் உண்டு என்று படித்த நாளிலிருந்து, அங்கே எல்லாம் அந்த ஆள்தான் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு பார்த்தால் அவர் கையில் ஒரு சிப்பாய்கூடக் கிடையாது.

1949 ஏப்ரல் 4 அன்று வாஷிங்டனில் 12 நாடுகள் கையெழுத்திட்டு உருவான கூட்டணி இது. படைகளை நடத்துவதற்கு ஐரோப்பாவுக்கான தலைமைத் தளபதி என்றொரு பதவி. 1951இல் ஐசனோவரில் தொடங்கி இன்றுவரை அமெரிக்கரைத் தவிர வேறு யாரும் அதில் அமர்ந்ததில்லை. 1952இல் ஏற்படுத்தப்பட்ட பொதுச்செயலாளர் பதவியிலோ ஒரு அமெரிக்கரும் இருந்ததில்லை. வந்த 14 பேரும் ஐரோப்பியர்கள், 14 பேரும் ஆண்கள். ஒப்பந்தத்தில் இப்படி எழுதியிருக்கிறதா என்றால் இல்லை. வழக்கம், அவ்வளவுதான்.

மாக்கியவெல்லியிடமிருந்து பாதி மிருகமும் பாதி மனிதனுமான ஓர் உருவத்தை எடுத்துக்கொண்டுதான் கிராம்சி அதிகாரத்தின் இரண்டு முகங்களைப் பேசினார்: ஒன்று பலவந்தம், மற்றது ஒப்புதல். நேட்டோவில் இந்த இரண்டு பாதிக்கும் தனித்தனியாக இரண்டு ஆட்களை வைத்துவிட்டார்கள். பலவந்தம் அமெரிக்கத் தளபதியிடம், ஒப்புதல் ஐரோப்பியச் செயலாளரிடம்.

இந்த ஒப்புதல் தயாராகும் விதத்தைக் கவனிக்க வேண்டும். நேட்டோ மன்றத்தில் ஓட்டெடுப்பு கிடையாது. ஒரு வரைவைச் சுற்றுக்கு விடுவார்கள். குறித்த நேரத்துக்குள் எந்த நாடும் மறுப்புத் தெரிவிக்காவிட்டால் அது நிறைவேறியதாகக் கொள்ளப்படும். மௌனம் சம்மதம் என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வதை அங்கே நடைமுறை விதியாகவே வைத்திருக்கிறார்கள். அந்த மௌனத்தைத் திரட்டித் தருவதுதான் பொதுச்செயலாளரின் வேலை.

2

யாரெல்லாம் இந்த வேலைக்கு எடுக்கப்பட்டார்கள்? முதலாமவர் இஸ்மே பிரபு (1952-57). 1887இல் நைனிடாலில் பிறந்தவர், பிரிட்டிஷ் இந்தியப் படையின் குதிரைப்படை அதிகாரி. சோமாலிலாந்தின் ஒட்டகப் படையில் சேர்ந்து, முகமது அப்துல்லா ஹசனின் கிளர்ச்சியை எதிர்த்துப் போரிட்டவர். 1920இல் அந்தக் கிளர்ச்சி விமானக் குண்டுவீச்சோடு ஒடுக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் சர்ச்சிலின் ராணுவ வலக்கை. 1947இல் மவுண்ட்பேட்டனின் அலுவலகத் தலைவராக டெல்லிக்கு வந்து, நாடு துண்டாடப்பட்டபோது கூடவே இருந்தவர்.

ரஷ்யர்களை வெளியே, அமெரிக்கர்களை உள்ளே, ஜெர்மானியர்களைக் கீழே வைப்பதுதான் நேட்டோவின் வேலை என்று இஸ்மே சொன்னதாக ஒரு வாசகம் உலவுகிறது. மூன்றாவது பகுதி நிலைக்கவில்லை. 1955இல் மேற்கு ஜெர்மனி உள்ளே வந்தது. 1961இல் நேட்டோ ராணுவக் குழுவின் தலைவரான ஹொய்சிங்கர், ஹிட்லரின் தரைப்படைத் தலைமையகத்தில் போர்நடவடிக்கைப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர்.

இரண்டாமவர் ஸ்பாக் (1957-61), பெல்ஜிய சோஷலிஸ்ட், ஐ.நா. பொதுச்சபையின் முதல் தலைவர். நேட்டோவை விட்டுப் போய் மறுபடி வெளியுறவு அமைச்சரானார். 1964 நவம்பரில் காங்கோவின் ஸ்டான்லிவில் நகரில் பெல்ஜியப் பாராசூட் வீரர்கள் அமெரிக்க விமானங்களிலிருந்து குதித்தபோது அமைச்சர் அவர்தான். மூன்றாமவர் ஸ்டிக்கர் (1961-64). 1948 டிசம்பரில் டச்சுப்படை இந்தோனேசியக் குடியரசின்மீது இரண்டாம் முறை பாய்ந்தபோது ஹாலந்தின் வெளியுறவு அமைச்சர். 1971 முதல் 1984 வரை இருந்த லுன்ஸ், 1962 வரை மேற்கு நியூகினியை விட்டுத்தர மாட்டேன் என்று மல்லுக்கட்டியவர். 1930களில் அவர் பெயர் டச்சு நாஜிக் கட்சியின் உறுப்பினர் பட்டியலில் இருந்தது 1979இல் வெளிவந்தது. பதவிக்கு ஒன்றும் ஆகவில்லை.

14 பேரில் டச்சுக்காரர்கள் 4, பிரிட்டிஷார் 3, பெல்ஜியர்கள் 2. காலனிகளை இழந்த தேசங்களுக்கு மிஞ்சிய ஒரு நாற்காலி இது என்று சொல்லத் தோன்றுகிறது. ஒப்பந்த வாசகமும் இதற்குச் சாட்சி. கூட்டாகக் காக்கப்பட வேண்டிய நிலம் எது என்று சொல்லும் 6ஆம் பிரிவில், பிரான்சின் மாவட்டங்கள் என்ற பெயரில் அல்ஜீரியாவும் இருந்தது. 1962இல் அல்ஜீரியர்கள் ரத்தம் சிந்தி அந்த வரியைச் செல்லாததாக்கினார்கள். 'சுதந்திர உலகம்' என்ற சொல்லாடலுக்குள் சலாசாரின் போர்ச்சுகல் ஸ்தாபக உறுப்பினராகவே இடம்பெற்றது. 1961இல் இந்தியப்படை கோவாவுக்குள் நுழைந்தபோது நேட்டோ தலையிடாததற்குக் காரணம் நம்மீதுள்ள பிரியம் அல்ல. ஒப்பந்தத்தின் எல்லைக்குள் கோவா வரவில்லை.

3

இதுவரை சொன்னது நமக்குச் சௌகரியமான கதை. ஏகாதிபத்தியவாதிகள் ஏகாதிபத்தியக் கூட்டணியை நடத்தினார்கள், இதில் என்ன ஆச்சரியம்? என்னைத் தூங்கவிடாத பெயர்கள் வேறு.

ஹாவியர் சொலானா, பௌதீகப் பேராசிரியர், ஸ்பானிய சோஷலிஸ்ட். 1982இல் ஸ்பெயின் நேட்டோவில் சேர்ந்ததை எதிர்த்துப் பிரச்சாரம் செய்த கட்சியின் முன்னணி ஆள். அதே ஆண்டு கட்சி ஆட்சிக்கு வந்தது, அவர் கலாச்சார அமைச்சரானார். 1986இல் மக்கள் கருத்துக்கணிப்பு நடத்தி, நேட்டோவில் நீடிக்கலாம் என்று ஓட்டுக் கேட்டதும் அதே கட்சிதான். 1995இல் லஞ்ச வழக்கில் சிக்கிய பெல்ஜியர் கிளாஸ் விலகியபோது நாற்காலி சொலானாவுக்கு வந்தது. 1999 மார்ச் 23 அன்று, யுகோஸ்லாவியாவின்மீது விமானத் தாக்குதலைத் தொடங்கும்படி தளபதி கிளார்க்கைப் பணித்தவர் அவர். பாதுகாப்புச் சபையின் அனுமதி இல்லை. 78 நாள் குண்டுவீச்சு. பெல்கிரேடின் தொலைக்காட்சி நிலையத்தில் மட்டும் 16 ஊழியர்கள் செத்தார்கள்.

அடுத்து வந்த ராபர்ட்சன், பள்ளிப் பருவத்தில் ஸ்காட்லாந்தில் அமெரிக்க அணுநீர்மூழ்கிகளை எதிர்த்த போராட்டத்தில் கலந்துகொண்டவர். 2001 செப்டம்பர் 12 அன்று, ஒருவர்மீதான தாக்குதல் எல்லார்மீதுமான தாக்குதல் எனும் 5ஆம் பிரிவு முதல்முறையாகக் கையிலெடுக்கப்பட்டது இவர் காலத்தில். 2014 முதல் 2024 வரை இருந்த ஸ்டோல்டன்பர்க், வியட்நாம் போருக்கு எதிராக ஓஸ்லோவின் அமெரிக்கத் தூதரகத்தின் முன்னால் நின்ற கூட்டத்தில் இருந்த பையன்.

இவர்களைத் துரோகிகள் என்று சொல்லி முடித்துவிடலாம். எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு தோழர் அப்படித்தான் முடித்தார். எனக்கு அது போதவில்லை. பழைய குதிரைப்படை அதிகாரி போர் என்று சொன்னால் மக்கள் சந்தேகப்படுவார்கள். நேற்றுவரை சமாதானம் பேசியவர் 'மனிதாபிமானத் தலையீடு' என்று சொன்னால் கேட்பார்கள். எதிர்ப்பின் மொழியைத் தெரிந்தவர்தான் ஒப்புதலின் மொழியைச் சரளமாகப் பேச முடியும். நாற்காலிக்குத் தேவைப்பட்டது அவர்களுடைய மறதி அல்ல, அவர்களுடைய கடந்தகாலம்தான்.

4

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால் நான் நேர்மையானவன் அல்ல. எதிர் முகாமில் 1955இல் உருவாகி 1991இல் கலைந்த வார்சா ஒப்பந்தத்துக்கு இந்த இரட்டை வேடம்கூடத் தேவைப்படவில்லை. கோனேவ் தொடங்கி அதன் தலைமைத் தளபதிகள் எல்லோருமே சோவியத் மார்ஷல்களும் ஜெனரல்களும்தான். 1968இல் அதன் டாங்கிகள் தன் உறுப்பு நாடான செக்கோஸ்லோவாகியாவுக்குள்ளேயே புகுந்தன. அதன் பலன் என்ன? சிறையில் கிடந்த எழுத்தாளர் ஹாவெல் ஜனாதிபதியாகி, 1999இல் செக் நாட்டை நேட்டோவுக்குள் கொண்டுபோனார். 2022இல் ரஷ்யா உக்ரைனுக்குள் படையோடு நுழைந்ததும், அதுவரை ஒதுங்கி நின்ற பின்லாந்தும் (2023) ஸ்வீடனும் (2024) போய்ச் சேர்ந்தன. கூட்டணி 32 நாடுகளாயிற்று. இவர்களையெல்லாம் வாஷிங்டன் கயிறு கட்டி இழுத்துப்போனது என்று எழுத என் கை வரவில்லை. பயந்தவன் தேடும் நிழலையும் ஏகாதிபத்தியம் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட முடியுமா?

ஆனால் அந்த நிழலுக்கு வாடகை உண்டு. 2024 அக்டோபரில் பொறுப்பேற்ற ரூட்டே தனிப்பட அனுப்பிய புகழுரையை, 2025 ஜூனில் ஹேக் மாநாட்டுக்குக் கிளம்பிய ட்ரம்ப் ஊரறிய வெளியிட்டார். 2035க்குள் தேசிய உற்பத்தியில் 5 சதவீதத்தைப் பாதுகாப்புக்கும் அது சார்ந்தவற்றுக்கும் ஒதுக்குவதாக மாநாடு முடிவெடுத்தது. ஸ்பெயின் முரண்டு பிடித்துப் பார்த்தது. இஸ்மே காலத்தில் கதவுக்குப் பின்னால் நடந்தது இப்போது தெருவில் நடக்கிறது. ஒப்புதலின் பாதி, பலவந்தத்தின் பாதிக்கு முன்னால் கைகட்டி நிற்பதை எல்லோரும் பார்த்துவிட்டோம்.

தொடங்கிய சொல்லுக்கே திரும்புகிறேன். 'தீர்மானம் ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது' என்று பொதுச்செயலாளர் படிக்கிற கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஹங்கேரி பற்றியும் பிராக் பற்றியும் கேட்க நினைத்த கேள்விகளை விழுங்கிக்கொண்டு கை தூக்கியிருக்கிறேன். அந்த மௌனத்தையும் யாரோ சம்மதம் என்றுதான் குறித்துக்கொண்டிருப்பார்கள்.