பச்சைத் தண்ணியும் தெப்பக்குளமும்

கலிஃபோர்னியாவுல பேக்கர்ஸ்ஃபீல்டுன்னு ஒரு ஊரு. காஞ்ச பூமி, கொளுத்துற வெயிலு, பருத்திக்காடுன்னு நம்ம கரிசல் பக்கத்துக்கு ஒண்ணுவிட்ட சொந்தம் மாதிரி. ஒரே வித்தியாசம், அங்க நிறைய வீட்டுப் பின்கட்டுல நீச்சல்குளம் உண்டு. 2007-ல வீட்டுக்கடன் கட்ட முடியாம ஜனங்க வீட்டைப் பேங்க்காரன் கையில விட்டுட்டுப் போனாங்க. வீடு பூட்டிக் கெடந்துச்சு. பின்னாடி இருந்த குளம் சும்மா இருக்குமா? மோட்டார் ஓடல, குளோரின் போட ஆள் இல்ல. கொஞ்ச நாள்லயே தண்ணி பச்சையாகி, பாசி மூடி, கொசு மொட்டையிட ஆரம்பிச்சிருச்சு.

அந்த வருஷம் அங்க மழை கம்மி. கொசு கம்மியாத்தான் இருந்திருக்கணும். ஆனா அந்த கெர்ன் மாவட்டத்துல வெஸ்ட் நைல் காய்ச்சல் 276 சதவீதம் கூடிப்போச்சு. ஏன்னு தேடினவங்க ஆகாயத்துலேர்ந்து எடுத்த படங்களைப் பாத்திருக்காங்க. ஒரு பகுதியில கண்ணுக்குத் தெரிஞ்ச நீச்சல்குளங்கள்ல 17 சதவீதம் பச்சை. ஆறு குளத்துக்கு ஒண்ணுன்னு வச்சுக்கங்களேன். 2008-ல இதை ஆராய்ச்சிக் கட்டுரையாவே எழுதிட்டாங்க. கட்டாத கடன், கைவிட்ட குளம், காய்ச்சல்னு மூணையும் ஒரே தலைப்புல கோத்து.

சரி, இதுக்கும் சங்கரன்கோவிலுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேப்பீங்க. எங்கூர்ல பின்கட்டு நீச்சல்குளமெல்லாம் ஏது! எங்களுக்கு இருந்தது ரெண்டு தண்ணி. ஒண்ணு தோட்டத்துப் பம்ப்செட் தொட்டி, இன்னொண்ணு கோயில் குளம். ஒண்ணு பாசி புடிச்சா ஒரு மணி நேரத்துல சரியாகும். இன்னொண்ணு பாசி புடிச்சா நூறு வருஷம் ஆனாலும் ஆகாது. ஏன் இப்படிங்கிறதைத்தான் எழுத வந்தேன்.

தொட்டி விஷயம் சுலபம். கெணத்துலேர்ந்து தண்ணி தொட்டில விழும், அங்கிருந்து வாய்க்கா வழியா வயலுக்குப் போயிரும். ரெண்டு வாரத்துக்கொருக்க சுவரு வழுக்க ஆரம்பிக்கும். தொட்டியத் தெறந்து விட்டு, தென்னை மட்டைய வச்சுத் தேச்சு, ஒரு கை சுண்ணாம்பக் கரைச்சு அடிச்சா முடிஞ்சுது சோலி. வெளிய போற பச்சைத் தண்ணி பயிருக்கு நல்லது. அது கழிவே கெடையாது. தேச்சு முடிச்ச சம்பளம் நமக்கு ஒரு குதி :-)

கோயில் குளம் அப்படி இல்ல. சங்கரநாராயணர் கோயிலுக்குள்ள நாகசுனைன்னு ஒண்ணு இருக்கு. சங்கன், பதுமன்னு ரெண்டு நாக அரசர்கள், சிவன் பெரியவரா திருமால் பெரியவரான்னு மல்லுக்கட்டினதும், கோமதி அம்மன் தபசிருந்து ரெண்டு பேரையும் ஒரே உருவமாப் பாத்ததும்தான் தல புராணம். அந்த நாகர்கள் வெட்டின சுனைன்னு சொல்லுவாங்க. அதுல குளிச்சா தோல் நோய் தீரும்னு நம்பிக்கை. கோயிலுக்கு வெளிய ஆவுடைப் பொய்கை. தை மாசக் கடைசி வெள்ளிக்குத் தெப்பம் விடறது அதுலதான். ஆடித்தபசுக்கு வர்ற கூட்டம் தெப்பத்துக்கு வராது. ஆனா தெப்பத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. தண்ணி இல்லாம அதை நடத்தவே முடியாது. தேரை எப்படியும் இழுத்துரலாம். தெப்பத்தை?

கோயில் குளத்துத் தண்ணி ஏன் பச்சையாகுதுங்கிறதை 1940-லயே ஒரு தமிழர் உக்காந்து படிச்சிருக்காரு. எஸ்.வி.கணபதின்னு பேரு. மைக்ரோசிஸ்டிஸ்ங்கிற பாசி வருஷம் பூரா நெரந்தரமாப் படர்ந்து கெடந்த ஒரு கோயில் குளத்தோட சூழலைப் பத்தி பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தோட இதழ்ல எழுதினாரு. 'நெரந்தரமா'ங்கிற சொல்லைக் கவனிங்க. மழைக்கு ஒரு தடவ வந்துட்டுப் போற பாசி இல்ல, குடியிருக்கிற பாசி. அந்தக் காலத்துல மெட்ராஸ் பாசி ஆராய்ச்சிக்குப் பேர்போன எடம்ங்கிறது நம்மள்ல பல பேருக்குத் தெரியாது. எம்.ஓ.பி.அய்யங்கார்னு ஒருத்தர் (1886-1963). இந்தியப் பாசியியலோட தந்தைன்னே அவரைச் சொல்றாங்க. 1932-ல ஒரு புதுப் பாசி இனத்துக்கு ஃப்ரிட்சியெல்லான்னு பேரு வச்சதும் அவர்தான். அவரோட மாணவர் டி.வி.தேசிகாச்சாரி 1959-ல நீலப்பச்சைப் பாசிகளைப் பத்தி எழுதின தடிப் புத்தகத்தை உலகம் பூரா இன்னும் பெரட்டிக்கிட்டு இருக்காங்க. நாம மூக்கைப் பொத்திக்கிட்டுத் தாண்டிப்போற தண்ணிக்குள்ள இவ்வளவு படிப்பு கெடந்திருக்கு.

அந்தப் படிப்பு சொல்றது சுருக்கமா இதுதான். பாசிக்கு மூணு வேணும். வெயிலு, அசையாத தண்ணி, சாப்பாடு. சாப்பாடுன்னா தழைச்சத்தும் மணிச்சத்தும். வயலுக்கு நாம மூட்டை மூட்டையா வாங்கிப் போடுற அதே சரக்கு. கோயில் குளத்துக்கு இது ஓசில கெடைக்குது. மீனுக்குப் பொரி, தேங்காத்துண்டு, பூமாலை, துணி தொவைக்கிற சோப்பு, பக்கத்துத் தெருச் சாக்கடை. வைத்தீஸ்வரன் கோயில் மாதிரி எடங்கள்ல நேர்ச்சைக்கு வெல்லம் கரைக்கிற வழக்கமே உண்டு. உள்ள வர்றதெல்லாம் உள்ளயே தங்கிரும், வெளிய போக வழி கெடையாது. தொட்டிக்கும் குளத்துக்கும் வித்தியாசம் இவ்வளவுதான். தொட்டில தண்ணி வரும், போகும். குளத்துல வரத்தும் நின்னுபோச்சு, போக்கும் நின்னுபோச்சு.

பாசின்னா வெறும் அசிங்கம்தானேன்னு நெனைக்கப்படாது. கணபதி எழுதின அதே மைக்ரோசிஸ்டிஸ் ஒரு நஞ்சைச் சுரக்கும், ஈரலைத் தாக்குறது. 1996-ல பிரேசில்ல கருவாருங்கிற ஊர்ல சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தச் சுத்திகரிப்புக்குப் பயன்படுத்தின தண்ணில நீலப்பச்சைப் பாசி நஞ்சு கலந்து 50-க்கும் மேற்பட்டவங்க செத்துப்போனாங்க. குளத்துல முங்கினவனுக்கு அப்படி ஆகும்னு சொல்ல வரல. ஆனா 'பச்சைத் தண்ணி பச்சைப்பிள்ளைக்குக்கூட ஒண்ணும் செய்யாது'ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

அப்ப மருந்து? நம்ம பாட்டிமார் பானைக்குள்ள தேத்தாங்கொட்டைய ஒரசி விடுவாங்க. கலங்கல் அடியில படிஞ்சிரும், நல்ல வைத்தியம். ஆனா பானைக்குத்தான். குளத்துக்குக் கொட்டை ஒரச ஆரம்பிச்சா பேரன் காலம் வரைக்கும் ஒரசணும். 1904-ல அமெரிக்க வேளாண் துறையில மூர், கெல்லர்மன்னு ரெண்டு பேரு மயில்துத்தத்தைப் போட்டுப் பாசியக் கொல்ற முறைய வெளியிட்டாங்க. பத்து லட்சம் பங்கு தண்ணிக்கு ஒரு பங்கு, சில பாசிக்கு அதுக்கும் கம்மி போதும். சாக்குல மயில்துத்தத்தைக் கட்டிப் படகுக்குப் பின்னாடி தண்ணிக்குள்ள இழுத்துக்கிட்டே போவாங்க, கரைஞ்சுக்கிட்டே வரும். உலகம் பூரா நீர்த்தேக்கங்கள்ல பரவின முறை இது. 1910 வாக்குல நீச்சல்குளங்களுக்கும் குளோரின் வந்துச்சு. பேக்கர்ஸ்ஃபீல்டுல நின்னுபோனது அந்தக் குளோரின்தான்.

மயில்துத்தத்துல ரெண்டு வில்லங்கம். ஒண்ணு, பாசி மொத்தமா ஒரே நாள்ல செத்தா அழுகும்போது தண்ணில உள்ள ஆக்சிஜன உறிஞ்சிரும். விடியக்காலைல மீனெல்லாம் வெள்ளை வயிறு காட்டி மெதக்கும். செத்த பாசி உள்ள வச்சிருந்த நஞ்சையும் தண்ணில கொட்டிட்டுத்தான் போகும். ரெண்டாவது, நம்ம பக்கம் மாதிரி உப்பும் சுண்ணாம்பும் ஏறின கடின நீர்ல தாமிரம் சட்டுனு படிஞ்சு போயிரும், வேலையும் சரியா நடக்காது. அதைவிட முக்கியம், சாப்பாடு உள்ளயே கெடக்கே! அடுத்த மாசம் பாசி மறுபடி வரும். கொசுவுக்காக 1928-ல இத்தாலிலேர்ந்து கொண்டாந்து விட்ட கம்பூசியா மீனும் இதே கததான். கொசுப்புழுவைத் திங்கும். கூடவே நம்மூரு மீன் குஞ்சையும் திங்கும்.

நம்மாளுங்க முன்ன என்ன செஞ்சாங்கன்னு பாத்தா, மருந்தைப் பத்தியே பேச்சில்ல. ஆளைப் பத்தித்தான் பேச்சு. உத்திரமேரூர்ல முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு ரெண்டு, கி.பி. 919, 921. ஏரி வாரியம்னு தனியா ஒரு வாரியம். ஆறு பேரு, குடவோலைல எடுப்பாங்க, பதவிக்காலம் 360 நாளு. எனக்கு அதுல ரொம்பப் பிடிச்ச பகுதி, யார் யாரெல்லாம் கூடாதுங்கிற பட்டியல்தான். முன்னாடி வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் பேரை ஓலைல எழுதக்கூடாது. அவனோட சொந்தக்காரங்க பேரையும் எழுதக்கூடாது! ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தியே தூர்வாரின கணக்குல என்ன நடக்கும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. வேற பல கல்வெட்டுகள்ல ஏரிப்பட்டின்னு நெலம் ஒதுக்கி, அந்த வருமானத்துல ஏரியப் பராமரிக்கணும்னு எழுதி வச்சிருக்காங்க. ஓடம் விட்டு வண்டல் அள்ள தானம் குடுத்த சேதியும் உண்டு. வண்டல்தான் பாசியோட சோத்துப்பானை. அதை அள்ளினா பாதி வேலை முடிஞ்சுது. அள்ளினது வயலுக்கு உரம்.

உடனே 'ஆகா, பொற்காலம்'னு கெளம்பிராதீங்க. அந்த வாரியத்துக்கு நிக்கக் கால் வேலியாச்சும் வரிகட்டுற சொந்த நெலம் வேணும், சொந்த மனைல வீடு வேணும். அது பிராமணர் ஊர்ச்சபை. மண்ணச் சொமந்தவன் பேரு எந்த ஓலையிலயும் இல்ல. குடிமராமத்துன்னு நாம பெருமையாச் சொல்ற ஏற்பாட்டுலயும் யாரு தலைல கூடை இருந்துச்சுன்னு கேட்டுத்தான் ஆகணும். 1858-ல வெள்ளக்காரன் அதுக்குச் சட்டமே போட்டான், மெட்ராஸ் கட்டாய வேலைச் சட்டம். வழக்கமாச் செஞ்ச வேலையச் செய்யலைன்னா தண்டம். ஏரியும் வருமானமும் சர்க்கார் கையில, வேலை மட்டும் குடி கையில. நெலைக்குமா? 1883-ல ஏரிச் சீரமைப்புத் திட்டம்னு தனியா ஒண்ணு ஆரம்பிக்க வேண்டியதாப் போச்சு. குடிமராமத்துங்கிற பேரைத் தூசி தட்டி 2017-ல தமிழக அரசு மறுபடி கொண்டாந்துச்சு. இந்தத் தடவை கூலி, ஒப்பந்தம் எல்லாம் உண்டு.

'சுத்தம்'ங்கிற சொல்லே நம்ம நாட்டுல வழுக்குற படிதான். 1927 மார்ச் 20-ல அம்பேத்கர் மகாட்ல சவதார் குளத்துல எறங்கித் தண்ணி குடிச்சாரு. அப்புறம் அந்த ஊரு மேல்சாதிக்காரங்க குளத்தைச் 'சுத்தம்' பண்ணினாங்க. எதை வச்சு? கொடம் கொடமாச் சாணி, கோமியம், பால், தயிர் ஊத்தி. மேல சொன்ன தழைச்சத்துக் கணக்கை ஞாபகம் வச்சுப் பாருங்க. மனுசன் குடிச்ச தண்ணியச் சுத்தம் பண்றேன்னு பாசிக்குப் பந்தி போட்டிருக்காங்க.

இன்னைக்குக் கோயில் குளம் சுத்தம்னா என்ன நடக்குது? ஒரு ஞாயித்துக்கெழம, தொப்பி, கையுறை, பேனர். மேல மெதக்குற பிளாஸ்டிக்கையும் பாசியையும் வலை போட்டு அள்ளிக் கரைல கொட்டுவாங்க. கரைல கெடந்த பாசி அடுத்த மழைக்கு உள்ள போயிரும். கும்பகோணம் மகாமகக் குளம் மாதிரி எடத்துல 12 வருஷத்துக்கு ஒரு தடவ சர்க்காரே எறங்கி எறைச்சு, தூர்வாரி, புதுத்தண்ணி விட்டு, மருந்து கலந்து தெனமும் பரிசோதிக்கும். 2016-லயும் நடந்துச்சு, அடுத்தது 2028. அந்தக் குளத்துக்குள்ளயே 20 கெணறு இருக்கு, ஊத்து உள்ள. லட்சக்கணக்குல ஆளு முங்குற தண்ணி, வேற வழியில்ல. ஆவுடைப் பொய்கைக்கு மகாமகம் வராது.

உண்மையிலயே குளத்தைச் சரிபண்ணணும்னா மொதல்ல பாசியப் பாக்கக்கூடாதுங்கிறது என் கட்சி. வரத்துக்கால் எங்க வருதுன்னு நடந்து பாக்கணும். பழைய சர்வே வரைபடத்தை எடுத்துக்கிட்டுப் போனா, வாய்க்கா இருக்க வேண்டிய எடத்துல யாரோ ஒருத்தர் வீட்டுக் கக்கூஸ் தொட்டி இருக்கும். அங்கதான் சண்டை ஆரம்பிக்கும். வலை போடுறவங்க அந்தப் பக்கமே போறதில்ல. அப்புறம் சாக்கடைய மறிக்கணும். அப்புறம் கோடையில தண்ணி வத்தினப்ப வண்டல அள்ளணும், அடியில உள்ள களிமண்ணக் கீறாம. ஜே.சி.பி. வச்சு ஆழமாத் தோண்டி, களிமண் அடுக்கு போயி, விட்ட தண்ணி எல்லாம் கீழ எறங்கிருச்சுன்னு பொலம்புற ஊருகளும் இருக்கு. இன்னும் சில எடத்துல தரைக்கே சிமெண்டு. குளத்தைத் தொட்டியாக்கியாச்சு, ஆனா தொட்டிக்கு இருக்குற போக்குவாய் இல்ல!

மதுரைக்காரங்க ஒரு வேலை செஞ்சாங்க. திருமலை நாயக்கர் கட்டின வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம், வைகைலேர்ந்து தண்ணி வர்ற வழி தூந்து போயி, பல வருஷம் பயலுக கிரிக்கெட் ஆடுற மைதானமாக் கெடந்துச்சு. தெப்பத்துக்கு மட்டும் மோட்டார் போட்டு ரொப்புவாங்க, இல்லைன்னா நெலைத்தெப்பம்னு ஒப்பேத்துவாங்க. 2020 வாக்குல அந்த வைகைக் கால்வாயத் தூர்வாரித் தண்ணியக் கொண்டாந்துட்டாங்க. குளம் நெறஞ்சதும் சுத்துப்பட்டு வீடுகள்ல போர் தண்ணி ஏறினதாச் சொல்றாங்க. பதினாறு ஏக்கர் தண்ணி நின்னா ஏறாதா பின்ன.

எங்க ஊருக்கு வைகை இல்ல, வருஷம் பூரா ஓடுற ஆறே இல்ல. மழைய நம்பின கண்மாயும், கண்மாய நம்பின வாய்க்காலுந்தான். அதனால எங்களுக்கு வரத்துக்கால் இன்னும் ஒரு படி முக்கியம். வர்ற ஐப்பசி மழைக்கு ஆவுடைப் பொய்கையச் சுத்தி ஒரு நட நடந்து, தண்ணி எந்தப் பக்கத்துலேர்ந்து ஓடி வருது, எங்க முட்டி நிக்குதுன்னு பாக்கலாம்னு இருக்கேன். கொடை உண்டு, கூட வர்ற ஆளுதான் வேணும். உங்க ஊர்த் தெப்பத்துக்குத் தண்ணி எந்த வழியா வந்துச்சுன்னு வீட்டுல இருக்குற பெரியாளுங்க கிட்ட கேட்டு வந்து எழுதுங்க மக்கா. அவங்க சொல்ற தெரு பேருலயே பாதி நேரம் 'வாய்க்கால்'னு இருக்கும்.