கொக்குவிலில் ஆணி கழற்றிய காலம்

அண்மையில் கொக்குவிலில் உள்ள எங்கள் பழைய வீட்டின் முன்கதவைத் திருத்துவதற்காக ஓர் இளைஞர் வந்திருந்தார். தச்சு வேலையில் கெட்டிக்காரர். கதவுநிலையில் இருந்த பழைய பிணைச்சலைக் கழற்றினால்தான் புதியதைப் பூட்டலாம். மூன்று திருகாணிகள் சிரமமின்றி வந்துவிட்டன. நான்காவது அசையவில்லை. திருப்புளி பதியும் வெட்டு சிதைந்து, தலை முழுவதும் துருப்பிடித்துக் கிடந்தது.

"ஐயா, கிறைண்டரால தலையை வெட்டி விடுவம். ரெண்டு நிமிச வேலை" என்றார்.

வெட்டலாம்தான். தலை போனாலும் உடல் மரத்துக்குள்ளே கிடக்கும். அடுத்த திருகாணிக்கு அங்கே இடமிருக்காது. "கொஞ்சம் பொறும் தம்பி" என்று சொல்லிவிட்டு, அடுக்களையிலிருந்து தேங்காய் எண்ணெயும் மண்ணெண்ணெயும் எடுத்து வந்தேன். பத்திரிகைத் தொழிலில் காலம் கழித்த எனக்கு இந்தக் கைவேலை எங்கிருந்து வந்தது என்று அவர் வியந்திருக்கக்கூடும். என் வயதை ஒத்த யாழ்ப்பாணத்தவர் பலர் இதனை விரும்பிக் கற்றவர்கள் அல்லர். 1990 முதல் 1996 வரையான ஆண்டுகள் எங்களுக்குக் கற்பித்தவற்றுள் இதுவும் ஒன்று.

மரத்தில் அடித்த ஆணி ஏன் இறுகுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருகும். சுற்றியுள்ள மரநாருக்குள் அது புடைத்து ஏறி ஆப்புப் போல இறுகிக்கொள்கிறது. துவர்ப்புச் சத்து மிகுந்த மரமாயின் ஈரத்தோடு இரும்பு சேர்ந்து கறுத்த கறையும் படியும். குடாநாட்டில் மூன்று பக்கமும் கடல். காற்றிலேயே உப்பு இருக்கிறது. போதாக்குறைக்கு எங்கள் கூரைகளைத் தாங்குவது பனை. வைரம் பாய்ந்த பனஞ்சலாகையில் துறப்பணத்தால் துளையிடாமல் ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். அப்படி ஒருமுறை இறங்கிய ஆணி இலேசில் திரும்பி வருவதில்லை.

ஆணி அற்பப் பொருள் என்று நினைப்பவர்களுக்கு வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. கி.பி. முதலாம் நூற்றாண்டின் இறுதியில் உரோமப் படை ஸ்கொட்லாந்தின் இஞ்ச்தூதில் என்னும் இடத்திலிருந்த தனது கோட்டையைக் கைவிட்டுப் பின்வாங்கியது. போகுமுன் ஏறத்தாழ 8,75,000 ஆணிகளைக் குழி தோண்டிப் புதைத்து மூடிவிட்டுப் போயிற்று. 1952 முதல் 1965 வரை நடந்த அகழ்வாய்வில் அவை வெளிவந்தன. அந்த இரும்பு எதிரியின் கையில் ஆயுதமாகிவிடக் கூடாது என்பதே புதைத்ததன் நோக்கம் என ஆய்வாளர் கருதுகின்றனர். அமெரிக்காவின் வேர்ஜீனியாக் குடியேற்றத்தில் இன்னொரு விதம். தோட்டத்தை விட்டு வேறிடம் போகிறவர்கள் ஆணிகளைப் பொறுக்குவதற்காகத் தங்கள் வீடுகளையே கொளுத்தினார்கள். 1645ஆம் ஆண்டில் அங்கே ஒரு சட்டம் வந்தது: வீட்டைக் கொளுத்தாதே, அதிலுள்ள ஆணிகளின் தொகையை இருவர் மதிப்பிட, அத்தனை ஆணிகள் உனக்குத் தரப்படும். ஒரு வீட்டின் பெறுமதி அதன் ஆணிகளில் இருந்த காலம் அது.

அத்தகைய காலத்தில் நானும் வாழ்ந்திருக்கிறேன்.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது பொருளாதாரத் தடையும் கூடவே வந்தது. எரிபொருள், சீமெந்து, பற்றரி, இரும்பு எனத் தடைப்பட்டியல் நீண்டது. பற்றரி இல்லாததால் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். பத்திரிகைத் தாள் கிடைக்காமல் கோடு போட்ட அப்பியாசக் கொப்பித் தாளிலும் செய்தித்தாள் அச்சாயிற்று. கடையில் புதிய ஆணி இல்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் பதுங்குகுழி வேண்டியிருந்தது. 1987 ஒக்டோபரில் கொக்குவில் இந்துக் கல்லூரியில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள் எறிகணை வீச்சில் மாண்டதைக் கண்ட ஊர் இது. சுவரும் கூரையும் மட்டும் காக்காது என்பது எங்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஊரின் நடுவே கிடந்த பெரிய இரும்புக் களஞ்சியம் புகையிரதப் பாதை. 1902இல் காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சாவகச்சேரி வரை திறக்கப்பட்ட பாதை, 1905இல் தெற்கோடு இணைந்தது. யாழ்ப்பாணத்துக்கும் கோண்டாவிலுக்கும் இடையில் எங்கள் கொக்குவில் நிலையம். 1956 ஏப்ரல் முதல் ஓடிய யாழ்தேவி 1990 யூன் 13ஆம் திகதியோடு நின்றது. அதன்பின் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் துண்டு துண்டாகப் பெயர்ந்து போயின. போரிட்ட இரு தரப்பின் காவலரண்களுக்கும் அவை சென்றன. பொதுமக்களின் பதுங்குகுழிகளுக்கும் கூரையாயின. எங்கள் ஒழுங்கைக்கும் ஒரு தண்டவாளத் துண்டு வந்து சேர்ந்தது. அதுவே எங்கள் பட்டறைக்கல் ஆயிற்று.

அந்தக் கல்லின் முன்னே அமர்ந்திருந்தவர் எங்கள் அயலில் வாழ்ந்த முதிய ஓடாவியார். அயலார் கழற்றிய ஆணிகளையெல்லாம் அவரிடம் கொண்டுபோவோம். வளைந்த ஆணியின் முதுகை மேலே வைத்து, உருட்டி உருட்டி, மெல்லத் தட்டி நிமிர்த்துவார். ஓங்கி அடித்தால் அடுத்த வளைவு உண்டாகும் என்பார். நேரானவற்றை நீளவாரியாகத் தகரங்களில் பிரித்து வைப்பார்.

கழற்றுவதையும் அவரிடமே கற்றேன். மறுபக்கம் முனை மடங்கியிருந்தால் முதலில் அதை நிமிர்த்த வேண்டும். இல்லாவிட்டால் மரம் பிளக்கும். சுத்தியலின் பிளந்த வாயால் ஆணியை நெம்பும்போது கீழே ஒரு மரக்கட்டை வைக்க வேண்டும். பலகையில் பள்ளம் விழாது, ஆணியும் நேராக எழும்பும். தலை அற்ற ஆணியை இழுக்க முயலாமல், பின்பக்கமிருந்து முனையில் தட்டி முன்னே தள்ள வேண்டும், அல்லது குறட்டால் கவ்வி எடுக்க வேண்டும்.

திருகாணி வேறு சாதி. எங்கள் பழைய கதவுகளில் இருப்பவை ஒற்றை வெட்டுத் தலை கொண்டவை. அமெரிக்கரான ஹென்றி பிலிப்ஸின் பெயரால் 1930களில் பரவிய நட்சத்திரத் தலை பின்னால் வந்தது. ஒற்றை வெட்டுக்குத் திருப்புளியின் வாய் முழு அகலத்துக்கும் பொருந்த வேண்டும். வெட்டுக்குள் இருக்கும் வண்ணப்பூச்சையும் துருவையும் ஊசியால் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு எண்ணெய் விட்டுக் காத்திருக்க வேண்டும். மண்ணெண்ணெய் நன்றாக ஊறும். ஆனால் விளக்கெரிக்கவே அது இல்லாத நாளில் ஒரு சொட்டுக்கும் கணக்கு இருந்தது. அசையாவிட்டால் பழுக்கக் காய்ச்சிய கம்பியைத் தலையில் வைக்க வேண்டும். இரும்பு சூட்டில் விரிந்து மரத்தை அமுக்கும். ஆறியபின் சுருங்கும்போது பிடி தளரும். வெட்டே போய்விட்டால் இரும்பறுக்கும் வாளால் புது வெட்டு. தலையும் போய்விட்டால், சிறு இரும்புக் குழாயின் விளிம்பில் அரத்தால் பல்வெட்டி, அதனைத் திருகாணியைச் சுற்றி இறக்கி, மரத்தோடு சேர்த்துக் குடைந்தெடுத்துவிட்டுக் கட்டை வைத்து அடைக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அவர் சொல்லும் ஒரு பாடம் உண்டு. "தம்பி, கழட்டமுந்தி ஒருக்கா இறுக்கிப் பாரும்." துரு எந்தப் பக்கம் உடைந்தாலும் உடைந்ததுதான். ஒரு மயிரிழை இறுக்கினால் பிடி விடும். பிறகு மறுபக்கம் திரும்பும். எடுத்த எடுப்பிலே பலங்கொண்டு திருப்புகிறவன் தலையை உடைப்பான்.

இந்தப் பாடத்தை நான் முதன்முதலில் பயன்படுத்திய இடம் எங்கள் வீடன்று. பக்கத்து வீடு. அங்கிருந்த ஐயா குடும்பத்தோடு கொழும்புக்குப் போய், அங்கிருந்து கனடாவுக்குப் போயிருந்தார். திறப்பு எங்களிடம். 1991இல் எங்கள் பதுங்குகுழிக்கு மேலே போடப் பனங்குற்றிகள் போதவில்லை. என் தந்தையார் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் இருவருமாகப் போய் அந்த வீட்டின் உட்கதவுகள் இரண்டைக் கழற்றி வந்தோம். ஒரு திருகாணியும் உடையவில்லை. கதவுகளைக் குற்றிகளின் மேல் பரப்பி மண்மூட்டை அடுக்கினோம். பிணைச்சல்களையும் திருகாணிகளையும் எண்ணெய் பூசி ஒரு பிஸ்கற் தகரத்தில் வைத்தார் தந்தையார். "அவர் வரேக்கை திருப்பிப் பூட்டிக் குடுக்கலாம்" என்றார். அதை அவர் உண்மையாகவே நம்பினார்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி மாலை வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. இலட்சக்கணக்கானோர் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் போனோம். 1996 ஏப்ரலின் பின் திரும்பி வந்தபோது பல வீடுகளில் கதவும் இல்லை, யன்னலும் இல்லை. எங்கள் வீட்டிலும் அப்படியே.

அன்று நான் செய்த முதல் வேலை கதவுநிலைகளைப் பார்த்ததுதான். செய்தியாளனின் கண்ணா, ஓடாவியாரின் மாணவனின் கண்ணா, தெரியவில்லை. பின்கதவின் நிலை அலவாங்கால் பிளக்கப்பட்டு நார்நாராகத் தொங்கிற்று. முன்கதவின் நிலையில் நான்கு நான்காக வட்டமான, சுத்தமான துளைகள். ஒருவன் அவசரத்தில் வந்திருக்கிறான். ஒருவன் ஆறுதலாக இருந்து கழற்றியிருக்கிறான். துளையைப் பார்த்தால் ஆளைச் சொல்லலாம் என்று அன்று எண்ணினேன். பிளந்திருந்தால் களவு, சுத்தமாக இருந்தால் உடையவன் அல்லது உடையவனுக்காக ஒருவன் கழற்றியது. பின்னாளில், 1990இலேயே மக்கள் வெளியேற்றப்பட்ட வலிகாமம் வடக்கில் காணிகள் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டபோது செய்தி சேகரிக்கப் போனேன். கூரையும் கதவும் நிலையும் இல்லாத சுவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கேயும் இதே கணக்கைத்தான் போட்டேன்.

அந்தக் கணக்குப் பிழை என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு நீண்ட காலம் பிடித்தது. பக்கத்து வீட்டு நிலைகளிலும் துளைகள் சுத்தமாகவே இருந்தன. அவற்றை உண்டாக்கியவன் நான். சுத்தமான துளை, கழற்றியவனுக்கு நேரம் இருந்தது என்பதைச் சொல்லும்; உரிமை இருந்தது என்பதைச் சொல்லாது.

பதுங்குகுழி மேலிருந்த கதவுகள் இடப்பெயர்வோடு போய்விட்டன. மண்ணுக்குள் புதைந்திருந்த பிஸ்கற் தகரம் மட்டும் கிடைத்தது. 1997இல் எங்கள் முன்வாசலுக்கு ஒரு கதவு தேடிப்பிடித்தபோது பூட்டுவதற்குப் பிணைச்சல் எங்கும் இல்லை. தகரத்தைத் திறந்தோம். தந்தையார் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்த பிறகு ஐயா கனடாவிலிருந்து வந்தார். தனது வீட்டைச் சுற்றிப் பார்த்தார். நிலையிலிருந்த துளைகளை விரலால் தடவி, "ஆரோ வேலை தெரிஞ்சவன் கழட்டியிருக்கிறான்" என்றார். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து, தன்னுடைய பிணைச்சலில் ஆடிய கதவைத் தள்ளித் திறந்து, உள்ளே வந்து தேநீர் குடித்தார். தந்தையார் அப்போது உயிரோடு இல்லை. சொல்ல வேண்டியவன் நான். சொல்லவில்லை. ஐயா மீண்டும் வரவில்லை, அங்கேயே காலமானார்.

எங்கள் போர்க்கால வரலாற்றை எழுதுகிறவர்கள் கொள்ளை போனதை எழுதுகிறோம். எழுதத்தான் வேண்டும். கூடவே, உயிருக்கு அஞ்சிய அயலவன் அயலவனிடம் எடுத்ததையும் எழுத வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் இரண்டாவதை மறைத்து எழுதும் வரலாற்றில் முதலாவதை யாரும் முழுதாக நம்பமாட்டார்கள்.

இப்போது கொக்குவில் நிலையத்தில் மீண்டும் புகையிரதம் நிற்கிறது. இந்திய நிறுவனமான இர்கொன் புதிதாக அமைத்த பாதையில் 2014 ஒக்டோபர் 13 அன்று யாழ்ப்பாணம் வரையும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரையும் சேவை தொடங்கியது. புதிய சிலிப்பர்கள் கொங்கிறீற்றால் ஆனவை. தண்டவாளத்தை இரும்புக் கவ்விகள் பிடித்திருக்கின்றன. பழைய கட்டைகள் எந்த மண்ணுக்குள் உக்கிப் போயினவோ.

அந்த நான்காவது திருகாணி ஒன்றரை மணி நேரம் எடுத்தது. வெட்டைச் சுரண்டி, எண்ணெய் விட்டு, கம்பியைக் காய்ச்சி வைத்து ஆறவிட்டோம். பிறகு இளைஞரிடம் திருப்புளியைக் கொடுத்து, "முதலிலை ஒருக்கா இறுக்கிப் பாரும்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு இறுக்கினார். மெல்லிய முறிவுச் சத்தம் கேட்டது. பிறகு அது திரும்பி வந்தது, முழுதாக.

பிணைச்சலையும் நான்கு திருகாணிகளையும் துடைத்து எண்ணெய் பூசி எடுத்து வைத்திருக்கிறேன். ஐயாவின் பிள்ளைகள் கனடாவில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கடிதமும் எழுதியிருக்கிறேன். பழைய பிணைச்சலை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. அது அவர்களுடையது என்பது மட்டும் தெரியும்.