ஜாதிக்காய்க்குக் கொடுத்த விலை

நாட்டு மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கிற ஜாதிக்காய்க்காக ஒரு காலத்தில் தீவுகளையே காலி செய்திருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா?

17-ஆம் நூற்றாண்டில் உலகத்துக்கே ஜாதிக்காய் வந்தது இன்றைய இந்தோனேசியாவில் உள்ள பண்டா தீவுகளிலிருந்துதான். அந்த ஊர்க்காரர்களுக்கு அது வீட்டுப் பக்கத்தில் காய்க்கிற காய். அதைக் கொடுத்து அரிசியும் துணியும் வாங்கிக்கொண்டார்கள். அதே காய் பல கை மாறி ஐரோப்பா போய்ச் சேரும்போது பணக்காரர் வீட்டுப் பொருளாகிவிடும்.

டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி மொத்தக் காயும் தனக்கே வேண்டும் என்றது. பண்டா மக்களோ மற்றவர்களுக்கும் விற்றார்கள். 1621-ல் யான் பீட்டர்சூன் கூன் படையோடு வந்து இறங்கினார். சுமார் 15,000 பேர் இருந்த இடத்தில் ஆயிரம் பேர்கூட மிஞ்சவில்லை என்பது பொதுவான கணக்கு. பிறகு தோட்ட வேலைக்கு அடிமைகளைக் கொண்டுவந்தார்கள்.

இதோடு விட்டார்களா? கொட்டை வேறெங்கும் முளைத்துவிடக் கூடாதென்று சுண்ணாம்பில் தோய்த்து அனுப்பினார்கள். விலை இறங்காமலிருக்க ஆம்ஸ்டர்டாமில் சரக்கைக் கொளுத்தியதும் உண்டு! மரம் தாராளமாகத்தான் காய்த்தது. தட்டுப்பாட்டை உண்டாக்கியது கம்பெனி.

1770-ல் மொரீஷியஸை நிர்வகித்த பிரெஞ்சுக்காரர் பியர் புவாவ்ர் (பெயருக்கு அர்த்தமே மிளகு!) ஆளனுப்பிக் கன்றுகளைக் கடத்திவரச் செய்தார். பின்னாளில் ஆங்கிலேயர்கள் பினாங்கு, இலங்கை என்று கொண்டுபோய் நட்டார்கள். இப்போது கரீபியன் கடலில் இருக்கும் கிரெனடாவின் தேசியக் கொடியில் ஜாதிக்காய் இருக்கிறது.